பின்னட்டையைப் படியுங்கள், பாடகிகள் கிடைப்பார்கள்

அமெரிக்கப் பாடகி ரியான்னன் கிடென்ஸ் 2015இல் வெளியிட்ட ‘டுமாரோ இஸ் மை டர்ன்’ ஆல்பத்தில் 11 பாட்டு. கடைசிப் பாட்டு மட்டும்தான் அவரே எழுதியது. மீதி எல்லாம் கடன் வாங்கியவை. கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதல் பாட்டு, கீஷி வைலி என்ற கறுப்பினப் பாடகி 1930இல் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான கிராஃப்டனில் பாரமவுண்ட் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடியது. அடுத்தது டாலி பார்ட்டனுடையது. அப்புறம் ஒடெட்டா, பாட்சி கிளைன், சிஸ்டர் ரொசெட்டா தார்ப், எலிசபெத் காட்டன், ஜீன் ரிச்சி. தலைப்புப் பாட்டு ஷார்ல் அஸ்னவூரின் பிரெஞ்சுப் பாட்டாகப் பிறந்து, நீனா சிமோன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

ஃபோக் (நாட்டுப்பாடல் மரபு), ஜாஸ், ஈஸி லிசனிங் (காதுக்கு இதமான மெல்லிசை) மூன்றிலும் பெண் குரல்களைத் தேடிப் போக நினைப்பவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது இந்த ஆல்பம்தான். பாட்டுகள் நன்றாக இருக்கின்றன என்பது ஒருபக்கம். அதைவிட முக்கியம் அதன் பின்னட்டை. அங்கே இருக்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு கதவு.

கேட்கும் முறை எளிது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. முதலில் கிடென்ஸ் பாடியதைக் கேளுங்கள். உடனே மூலத்தைக் கேளுங்கள். பிறகு அந்த மூலப் பாடகியின் வேறொரு பாட்டு. மூன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரே மூச்சில் 20 புதுக் குரல்களைக் கேட்டால் மறுநாள் ஒன்றுகூட நினைவில் நிற்காது. செயலிகள் தாமாக ஓட்டும் பட்டியலில் நடப்பது அதுதான். நீங்கள் ஒரு குரலை ரசித்தால் அது அதே மாதிரி இன்னொரு குரலைத்தான் தேடிக் கொடுக்கும். கிடென்ஸிலிருந்து கீஷி வைலிக்கு அது உங்களைக் கூட்டிப்போக வாய்ப்பே இல்லை, ஏனென்றால் இரண்டு குரல்களும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போவது பாட்டுதான்.

கீஷி வைலியின் தட்டு முதல்முறை கேட்கும்போது இரைச்சலாகத்தான் இருக்கும். 78 சுழல் தட்டு, எப்போதோ தேய்ந்துபோன பிரதி, பின்னால் அடைமழை பெய்வது போல் ஓர் ஒலி. மூன்றாவது முறை காது அந்த மழையைத் தானாக ஒதுக்கிவிடும். இரைச்சல் நீக்கிய பதிப்பு கிடைக்கிறதே என்று அதற்குத் தாவாதீர்கள். இரைச்சலைத் துடைக்கும்போது ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளின் கூர்மையும் மூச்சும் சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போன்ற ஒரு குரல்.

ஃபோக்கில் பின்னட்டை சிலசமயம் கைவிரிக்கும். ‘மரபுப் பாடல்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். அங்கே கைகொடுப்பது ரவுட் எண். ஸ்டீவ் ரவுட் என்ற ஆங்கிலேய நூலகர் ஆங்கில நாட்டுப்பாடல்களைத் திரட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார். லண்டனில் உள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நம் ஆதார் எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஊருக்கு ஊர் பெயரை மாற்றிக்கொண்டு திரியும், எண் மாறாது. இதற்கும் முந்தியது ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் சைல்டின் தொகுப்பு, 305 கதைப்பாடல்கள் கொண்டது. ‘பார்பரா ஆலன்’ சைல்டில் 84, ரவுட்டில் 54. இந்தப் பாட்டைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்பே ஒரு பெண் பாடியதைப் பற்றித்தான்: 1666 ஜனவரி 2ஆம் தேதி, ஒரு நாடக நடிகை பாடக் கேட்டதாக சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கென்டக்கி மலைக்காரரான ஜீன் ரிச்சி பாடியதையும் ஜோன் பயஸ் 1961இல் பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்று வீட்டுத் திண்ணையில் பாடியது, மற்றது மேடைக்குச் செதுக்கியது. எது மேல் என்ற கேள்வி இங்கே வேண்டாம். ஆனால் எது உங்களைப் பிடித்து உட்கார வைக்கிறது என்று பாருங்கள். உங்கள் ருசி தெரிந்துவிடும்.

தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு தடை உண்டு. பாட்டு என்றால் உணர்ச்சி வேண்டும் என்று பழகியவர்கள் நாம். இங்கிலாந்து மரபில் பாடும் பெண்கள், கொலை நடந்தாலும் குழந்தை இறந்தாலும் குரலில் ஒரு நடுக்கமும் காட்ட மாட்டார்கள். ஷர்லி காலின்ஸைக் கேட்டால் ‘என்ன இது, பாடம் ஒப்பிக்கிறார்’ என்று தோன்றும். அவர்கள் கணக்கு வேறு. கதைதான் பெரிது, பாடகி அதை ஏந்தி வரும் தட்டு மட்டும். குரல் அழுதால் கேட்பவர் அழ மாட்டார் என்பது அவர்கள் கட்சி. எனவே துணை வாத்தியமே இல்லாத பாட்டில் தொடங்க வேண்டாம். காலின்ஸ் கிதார் கலைஞர் டேவி கிரஹாமுடன் 1964இல் செய்த ஆல்பம், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவில் சாண்டி டென்னி பாடிய 1969ஆம் ஆண்டு ‘லீஜ் அண்ட் லீஃப்’, இவை பழகியபின் தனிக்குரலுக்கு வாருங்கள். காலின்ஸின் குரல் 1970களின் கடைசியில் அடைத்துக்கொண்டது, மேடையை விட்டே விலகினார். 2016இல், 80 வயதைக் கடந்தபின், ‘லோட்ஸ்டார்’ வெளியிட்டார். பழைய குரல் அதில் இல்லை. அதுதான் அந்த ஆல்பத்தின் அழகு என்று நான் சொன்னால் சண்டைக்கு வரும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

ஆன் பிரிக்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாட்டிங்ஹாம்ஷயரில் பிறந்தவர். ‘பிளாக்வாட்டர்சைட்’ என்ற பாட்டை (ரவுட் 312) நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஏ.எல். லாய்டிடம் கற்று, பெர்ட் ஜான்ஷ் என்ற கிதார் கலைஞருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜான்ஷ் அதற்குக் கட்டிய கிதார் வாசிப்பு 1966இல் தட்டில் வந்தது. 1969இல் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் பெயர் லேசாக மாறி, பாட்டு வரிகள் இல்லாமல், அதன் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் பெயரில் வந்தது. உலகமே கேட்ட அந்தக் கிதார் துண்டுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் இருக்கிறது என்பது பின்னட்டையில் இல்லை. இங்கே பின்னட்டை போதாது, ரவுட் எண் வேண்டும். பிரிக்ஸின் சொந்தத் தட்டுகள் கொஞ்சம்தான். 1971இல் இரண்டு ஆல்பம் வந்தது. 1973இல் பதிந்த இன்னொன்றை வெளியிட விடவில்லை, அது வெளிவர 1996 ஆயிற்று.

ஜாஸ் பக்கம் வந்தால் வேலை சுலபம். ஒரே பாட்டை 50 பேர் பாடியிருப்பார்கள், யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்பது வரை அச்சிட்டிருப்பார்கள். பயிற்சிக்கு ‘லல்லபை ஆஃப் பேர்ட்லண்ட்’ நல்லது. ஜார்ஜ் ஷியரிங் 1952இல் மெட்டமைத்தது. சாரா வான், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, கிறிஸ் கானர் மூவரும் 1954 என்ற ஒரே ஆண்டில் இதைப் பாடிப் பதிந்தார்கள். ஒலிப்பதிவுக் காலம் ஒன்றே என்பதால் வித்தியாசம் முழுக்க முழுக்கக் குரலிலும் குழுவிலும்தான். சாரா வான், ட்ரம்பெட் வாசிக்கும் கிளிஃபர்டு பிரவுன், டிரம்ஸில் ராய் ஹேன்ஸ் இவர்களோடு நின்று தானும் ஒரு வாத்தியமாகிவிடுகிறார். கானர் குரலில் அசைவே கிடையாது, வறண்ட குரல், பாதிப் பேச்சு. ஃபிட்ஸ்ஜெரால்டு பாடும்போது அந்தப் பாட்டில் கஷ்டமான இடம் ஒன்று இருப்பதே தெரியாது.

மெட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இன்னும் பிடிபடும். அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டுகளில் பாதிக்கு மேல் 32 பார் (தாள வட்டம்) கொண்டவை. எட்டு பார் பல்லவி, அதே மெட்டில் வேறு வரிகளோடு இன்னொரு எட்டு, வேறு மெட்டில் நடுத்துண்டு எட்டு, மறுபடி பல்லவி மெட்டில் எட்டு. இதற்கு முன்னால் தாளம் இறுகாமல் ஒரு முன்னுரை இருக்கும். நம் நாடக மேடையிலும் பழைய சினிமாவிலும் தொகையறா என்போமே, அதே வேலை. பல பாடகிகள் அதை வெட்டிவிட்டு நேரே பல்லவிக்குப் போவார்கள். தொகையறாவோடு பாடுகிறவர் பாட்டு எந்த நாடகத்தில் பிறந்தது என்பதை மறக்காதவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறேழு பாட்டில் இதைக் கவனித்தாலே யார் எப்படிப்பட்டவர் என்பது விளங்கும்.

பில்லி ஹாலிடேயைக் கேட்கும்போது காலால் நாலு எண்ணுங்கள். ஒன்றில் விழ வேண்டிய சொல் ஒன்றில் விழாது. சற்றுத் தள்ளி எடுப்பார். வரி முடிவதற்குள் எங்கோ ஒரு சொல்லை அவசரமாக உதிர்த்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடுவார். பியானோ கலைஞர் டெடி வில்சனோடு 1935 முதல் பாடிய மூன்று நிமிடத் தட்டுகளில் இது கண்ணாடி போல் தெரியும். 1937இலிருந்து லெஸ்டர் யங்கின் சாக்ஸும் சேர்ந்துகொள்கிறது. இருவரும் ஒரே வாக்கியத்தை ஆளுக்குப் பாதியாகப் பேசுவார்கள். பலர் செய்யும் தவறு, 1958இல் வந்த ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்தில் தொடங்குவது. குரல் கந்தலான பிறகு, வயலின் கூட்டத்தோடு பாடியது. முன்னது தெரியாமல் இதைக் கேட்டால் உடைந்த குரல் மட்டும்தான் காதில் விழும். முப்பதுகளைக் கேட்டுவிட்டு வந்தால் அந்தத் தாளக் கணக்கு மட்டும் கொஞ்சமும் உடையவில்லை என்பது தெரியும்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1956 முதல் 1964 வரை எட்டு ‘சாங்புக்’ தொகுதிகள் வெளியிட்டார். கோல் போர்ட்டர், எலிங்டன், எர்விங் பெர்லின் என்று பாட்டுகளைப் படைத்தவர் ஆளுக்கு ஒரு தொகுதி. கெர்ஷ்வினுக்கு மட்டும் ஐந்து எல்பி. இவற்றை நிகண்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்போது எடுத்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில் கேட்கக் கூடாது, சலித்துப்போகும், அவ்வளவு சீரான குரல். ஃபிட்ஸ்ஜெரால்டு எப்படிப்பட்டவர் என்று தெரிய 1960 பிப்ரவரியில் பெர்லின் நகரில் பதிந்த கச்சேரியைக் கேட்க வேண்டும். ‘மேக் த நைஃப்’ நடுவில் வரிகள் மறந்துவிடுகின்றன. மறந்துவிட்டது என்பதையே மெட்டில் பாடிக்கொண்டு போகிறார்.

அனிடா ஓடே தன் பாணிக்கு அவரே சொன்ன காரணம் விசித்திரமானது. சிறுவயதில் டான்சில் அறுவையின்போது தவறுதலாக உள்நாக்கை எடுத்துவிட்டார்களாம். நீண்ட கார்வையில் அசைவு கொடுக்க முடியாது, அதனால் ஸ்வரங்களைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பாடப் பழகினார். நேர் எதிர், ஷர்லி ஹார்ன். தானே பியானோ வாசித்துக்கொண்டு சௌக்க காலத்தில் பாடுவார், இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். தூக்கம் வரும்போது இவரைக் கேட்காதீர்கள், அநியாயம்.

ஈஸி லிசனிங் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. லிஃப்ட்டில் ஓடும் இசை என்று நினைப்பு. ஜூலி லண்டன் 1955இல் பாடிய ‘க்ரை மீ எ ரிவர்’ கேட்டிருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பார்னி கெஸலின் கிதார், ரே லெதர்வுட்டின் டபுள் பேஸ், குரல். அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. குரலும் சிறியது, மைக்குக்குப் பக்கத்தில் நின்றே பாட வேண்டிய குரல். அந்த வகை மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. வாய் நெருங்க நெருங்க அடிஸ்தாயி ஒலிகள் கனக்கும். ரகசியம் பேசுவது போன்ற அந்தச் சூடு பாதி அவருடையது, பாதி மைக்கினுடையது. இதைத் தவறாகச் சொல்லவில்லை. மைக்கை வாத்தியமாக வாசிக்கத் தெரிந்தவர் அவர். இந்தப் பாட்டை ஆர்தர் ஹாமில்டன் முதலில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்காகத்தான், ஒரு படத்துக்கு எழுதினார். படத்தில் இடம்பெறவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டு 1961இல் பாடிப் பதிந்திருக்கிறார். இரண்டையும் ஒட்டிக் கேளுங்கள், கடை அலமாரிகளில் ஒட்டும் இந்த வகைப் பெயர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரிந்துவிடும்.

ஆனால் போனின் சிறிய ஸ்பீக்கரில் கேட்டால் இதெல்லாம் வீண். டபுள் பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி அநேகமாக வராது. லெதர்வுட் காணாமல் போவார், அவரோடு பாட்டில் பாதி போய்விடும். பெக்கி லீயின் ‘ஃபீவர்’ (1958) இன்னும் மோசம், ஏனென்றால் அதில் இருப்பதே பேஸ், டிரம்ஸ், விரல் சொடுக்கு மட்டும். சாதாரண வயர் ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. கேட்கும்போது, சுருதி நடுவில் அரைக்கட்டை ஏறுவதைப் பிடியுங்கள். வாத்தியமே சேர்க்காமல் சூட்டைக் கூட்டுவது அப்படித்தான்.

பிரேசில் பாடகி ஆஸ்ட்ருட் ஜில்பெர்டோவின் ‘த கேர்ள் ஃப்ரம் இபனேமா’ பாட்டு 1963 மார்ச்சில் நியூயார்க்கில் பதிந்தது. ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். முதலில் அவர் கணவர் ஜோவாவ் போர்த்துகீசிய மொழியில் பாடுவார், அப்புறம்தான் இவர். சிங்கிளுக்காகக் கணவர் பகுதியை வெட்டிவிட்டார்கள், இவர் உலகப் புகழ் பெற்றார். ஆனால் நீளமானதைக் கேளுங்கள். கணவரின் முணுமுணுப்புக்குப் பதிலாக வரும்போதுதான் அந்தத் தட்டையான, அசைவில்லாத குரல் ஏன் அங்கே பொருந்துகிறது என்பது புரியும்.

மூன்று அலமாரிகளுக்கும் நடுவில் நிற்கும் பாடகிகளைக் கண்டுபிடிக்க, தயாரிப்பாளர் பெயரையும் அரேஞ்சர் (வாத்திய அமைப்பாளர்) பெயரையும் தொடர வேண்டும். ஜோனி மிச்சலின் ‘போத் சைட்ஸ் நவ்’ முதலில் ஜூடி காலின்ஸ் 1967இல் பாடியது. மிச்சலே 1969இல் கிதாரோடு பாடினார். 2000இல் மறுபடி, பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு. கட்டை வெகுவாக இறங்கியிருக்கிறது, புகைபிடித்த ஆண்டுகள் அத்தனையும் குரலில் தெரிகின்றன. வயதானவள் பாட வேண்டிய வரிகளை இருபதுகளில் எழுதிவிட்டார், பாடும் வயது அப்புறம் வந்தது. அந்த 2000 ஆல்பத்தின் பின்னட்டையில் இரண்டு பெயர்கள்: தயாரிப்பில் லாரி க்ளைன், வாத்திய அமைப்பு வின்ஸ் மெண்டோசா. க்ளைனைத் தொடர்ந்தால் 2004இல் மாடலின் பெய்ரூவின் ‘கேர்லெஸ் லவ்’. பாரிஸ் தெருக்களில் பாடி வளர்ந்தவர், குரலில் பில்லி ஹாலிடேயின் சாயல். க்ளைனும் மெண்டோசாவும் மறுபடி சேரும் இடம் 2009, மெலடி கார்டோவின் ஆல்பம். மிச்சலின் 2000 ஆல்பத்திலேயே ‘யு’வ் சேஞ்ச்ட்’ பாட்டு இருக்கிறது, அது ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்தில் ஹாலிடே பாடியது. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

இன்னொரு தடம் கிரெய்க் ஸ்ட்ரீட். 1993இல் கசாண்ட்ரா வில்சன் புளூ நோட் கம்பெனிக்குப் பாடிய ஆல்பத்தைத் தயாரித்தவர். அதில் பழைய புளூஸும் உண்டு, ஜோனி மிச்சல் பாட்டும் உண்டு. ஜாஸ் பியானோவின் இடத்தில் கம்பி கிதார்கள். நோரா ஜோன்ஸின் 2002 ஆல்பத்தின் தொடக்கப் பதிவுகளிலும் இதே ஸ்ட்ரீட் இருந்தார், பின்னர் ஆரிஃப் மார்டின் கைக்குப் போனது. பென்டாங்கிள் குழுவின் ஜாக்கி மக்‌ஷீ பாடுவது ஆங்கில நாட்டுப்பாட்டு, ஆனால் பின்னால் டேனி தாம்ப்சனின் பேஸும் டெர்ரி காக்ஸின் டிரம்ஸும் சுத்தமான ஜாஸ். 1969இல் வந்த ‘லைட் ஃப்ளைட்’டில் ஐந்தும் ஏழும் மாறி மாறி வரும். கண்ட நடை, மிஸ்ர நடை பழகிய நமக்கு அது தடையே இல்லை.

ஈவா காஸிடி ஃபோக், ஜாஸ், காஸ்பல் எல்லாம் பாடினார். எந்த அலமாரியில் வைப்பது என்று கம்பெனிகளுக்குத் தெரியவில்லை. வாஷிங்டனின் புளூஸ் ஆலி கிளப்பில் 1996 ஜனவரியில் பாடியதைப் பதிந்தார்கள். அதே நவம்பரில், 33 வயதில் இறந்தார். பிரிட்டனில் அவர் ஆல்பம் முதலிடம் பிடித்தது 2001இல்.

தமிழ்த் தொடர்பு உள்ள பெயர்களும் இந்தத் தடங்களில் உண்டு. உஷா உதுப், உஷா ஐயராக இருந்தபோது, சென்னை சஃபையர் தியேட்டர் வளாகத்து நைன் ஜெம்ஸ் கிளப்பில் ஆங்கிலப் பாட்டு பாடித்தான் தொடங்கினார். லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சுசீலா ராமனின் ‘சால்ட் ரெயின்’ 2001இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசுப் பட்டியலுக்கு வந்தது. பாடகி கானவ்யா 2018இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் ஜாஸ் பாட்டுகளைத் தமிழாக்கிப் பாடியிருக்கிறார். மேலே சொன்னதையெல்லாம் கேட்டபின் அதைக் கேட்டால் எந்த இடத்தில் ஜாஸ் விலகி எந்த இடத்தில் நம் சங்கதி நுழைகிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம்.

செயலியில் தேடும்போது கால் இடறும் இடம் ஆண்டு. ஆல்பத்துக்குப் பக்கத்தில் 2019 என்று இருக்கும், பாடகி 1963இல் இறந்திருப்பார். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் 60 ஆண்டு. ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளிவந்தவை பொதுச்சொத்து. அதனால் யார் வேண்டுமானாலும் பழைய தட்டைச் சுரண்டி ‘சிறந்த 50’ என்று ஏற்றிவிடுகிறார்கள். அதில் வாசித்தவர் பெயரும் இருக்காது, பதிந்த ஆண்டும் இருக்காது, நாம் தேடும் பின்னட்டையே இல்லை. ஆல்பப் பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் ‘பி’ போட்ட வரியைப் பாருங்கள், ஒலிப்பதிவு வெளியான ஆண்டும் உரிமையாளரும் அங்கே இருக்கும். வெர்வ், புளூ நோட், டாபிக், வேன்கார்டு, ஃபோக்வேஸ் போன்ற கம்பெனிப் பெயர் இருந்தால் நம்பலாம். சந்தேகம் வந்தால் டிஸ்காக்ஸ் தளத்தில் மூலத் தட்டின் படத்தைப் பார்த்து டிராக் வரிசையை ஒப்பிடுங்கள். ஒரே பாடகி கம்பெனி மாறியபின் தன் பழைய பாட்டையே திரும்பப் பாடிய பதிவுகளும் உண்டு. நிமிடக் கணக்கு மாறினால் அது வேறு பதிவு. அறுபதுகளில் மோனோவைப் பொய்யாக ஸ்டீரியோ ஆக்கிய பதிப்புகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குரல் குளியலறையில் பாடுவது போல் இருந்தால் மோனோ பதிப்பைத் தேடுங்கள்.

ஃபோக்வேஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மோசஸ் ஆஷ் 1948இல் தொடங்கிய கம்பெனி, 1987இல் ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக நிறுவனத்துக்குப் போனது. எல்லாத் தட்டும் எப்போதும் கிடைக்க வேண்டும் என்பது கைமாறியபோது போட்ட நிபந்தனை. ஆல்பங்களின் குறிப்பேடு பிடிஎஃப் ஆகவே இலவசமாகக் கிடைக்கிறது, பாட்டு வரிகளோடு. எலிசபெத் காட்டனில் தொடங்குங்கள். இடதுகைக்காரர், வலதுகைக் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து, அடித்தந்திகளை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசித்தார். முதல் ஆல்பம் வரும்போது 60 வயதைத் தாண்டியிருந்தார். கிடென்ஸ் பாடிய ‘ஷேக் ஷுகரீ’ இவருடையதுதான். 1967இல் வந்த மூலத்தைப் போட்டால் வருவது பாட்டியின் குரல் அல்ல, ஒரு சிறுமியின் குரல். குறிப்பேட்டைத் திறந்தால் பெயர் இருக்கிறது: பிரெண்டா எவன்ஸ், காட்டனின் கொள்ளுப்பேத்தி, அப்போது வயது 12.